காளியாயியும் சத்தம் போடும் மருந்துப் பெட்டியும்

காளியாயிக்கு அழுக்கு என்றால் ஆகாது. இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில், தேத்தூள் சலிக்கும் அறையில் அவளுக்கு வேலை. தூளுக்குள் ஒரு நாரோ தலைமயிரோ கிடந்தால் விரல் தானாகப் போய் எடுத்து எறிந்துவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் அதே குணம்தான். வீட்டு முன்னாலுள்ள இஸ்தோப்பில் யாராவது வெற்றிலை துப்பினால், யாராக இருந்தாலும் திரும்பக் கூப்பிட்டுக் கழுவ வைப்பாள்.

புருஷன் மாயாண்டியிடம் மட்டும் அவள் ஒன்றும் சொன்னதில்லை. அவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். தொண்ணூறுகளில் தோட்டம் கம்பெனி கைக்கு மாறியபோது நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்று பேசியவர். சாராயத்தைத் தொடாத மனுஷன் என்று பெயர். அந்தப் பெயர்தான் அவருக்கு எல்லாம். காளியாயிக்கும் அதில் பெருமை இருந்தது. அவள் பிறந்த லயம் கொத்மலை அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகி ஹட்டன் பக்கம் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது அவரும் அந்தப் பெயரும்தான்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒருநாள், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது பக்கத்தில் நின்ற ஆள் கண்ணில் படாமல் மாயாண்டி கத்தியை வீசிவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கு கிழிந்ததோடு அவன் தப்பினான். நகரத்து ஆஸ்பத்திரியில் பார்த்ததில், கண்ணுக்குள் பிரஷர் கூடி ஓரப் பார்வை போய்விட்டது என்றார்கள். போனது திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்ற, சாகும்வரை தினமும் சொட்டு மருந்து போட வேண்டுமாம்.

அடுத்த வருஷம் கொழும்பிலிருந்து ஒரு குழு தோட்டத்துக்கு வந்தது. கண் பிரஷர் நோயாளிகளுக்கெல்லாம் ஒவ்வொரு பெட்டி கொடுத்தார்கள். சவர்க்காரப் பெட்டி அளவு, வெள்ளை நிறம். மருந்துக் குப்பியை அதற்குள் பொருத்த வேண்டும். சாயந்தரம் ஆறு மணியானால் பெட்டி கீக்கீ என்று கத்தும். கண்ணுக்கு ஒரு தடவை பக்கத்திலுள்ள நெம்பை அமுக்கினால் ஒரு சொட்டு விழும். சத்தம் நின்று பச்சை விளக்கு எரியும். எந்த நாள், எத்தனை மணிக்கு அமுக்கியது என்று பெட்டி தனக்குள் பதிந்துகொள்ளும். மாதத்துக்கு ஒரு தடவை கஜதீபன் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியன் வந்து, பெட்டியை வயரால் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பான்.

“கண்ணுக்கே ஒரு கங்காணியா!” என்று மாயாண்டி சிரித்தார். ஆனால் மூன்று மாதம் கழித்து கஜதீபன், “ஐயா ஒரு நாள்கூடத் தவறவிடேல்லை. எங்கட ஆக்களில இவர்தான் முதல் ஆள்” என்று டிஸ்பென்சரியில் எல்லார் முன்னாலும் சொன்னபோது, அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பெட்டியை சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் தொழிற்சாலையில் மிஷின் பழுதாகி, அப்போது இருட்டும்வரை வேலைக்கு நின்ற காளியாயியை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லயத்துக்குப் பின்பக்கமாக வந்தவள், பெட்டி கத்துவதைக் கேட்டாள். மாயாண்டி கழிவுநீர்க் கானோரம் குந்தியிருந்தார். பெட்டியைக் கானுக்கு மேலே பிடித்து நெம்பை இரண்டு தடவை அமுக்கினார். கோழி கிளறிய சேற்றில், சோற்றுக் கஞ்சி ஓடும் அந்தக் கானில், சொட்டு விழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது. பிறகு அவர் தோள் துண்டை எடுத்து இரண்டு கண்ணையும் ஒற்றி ஒற்றித் துடைத்தார். மருந்து எரிகிற மாதிரி இமையைச் சிமிட்டினார்.

சுற்றுமுற்றும் ஒருத்தருமில்லை. யாருக்காக அந்தத் துடைப்பு? மருந்தைக் கொட்டியதைக்கூட காளியாயி பொறுத்திருப்பாள். ஆளில்லாத இடத்திலும் துடைத்தாரே, அதுதான் அவளுக்குக் குமட்டியது.

“என்னங்க பண்றீங்க?”

மாயாண்டி திடுக்கிட்டுத் திரும்பினார். “கத்தாத புள்ள. அந்த மருந்து போட்டா கண்ணு செவந்து போகுது. பேரு குடுக்குற பெரட்டுல பயலுக, தலைவரு காலையிலேயே ஊத்திக்கிட்டாரான்னு கேக்குறானுக. நா என்ன பதில் சொல்றது?”

“கண்ணு போயிருமேங்க.”

“வலியே இல்ல. எப்பிடிப் போகும்? டாக்டருங்க அப்பிடித்தான் பயமுறுத்துவாங்க.”

“அப்ப பெட்டிய திருப்பிக் குடுத்துருங்க.”

மாயாண்டி எழுந்தார். பெட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பழையபடி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

கஜதீபன் அடுத்த தடவை வந்தபோது காளியாயி அவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் கறுத்தது.

“அம்மா, மெஷின் பொய் எழுதாது. அமத்தினால்தான் பதியும்.”

“அமுக்குனது நெசந்தான் தம்பி. ஊத்துனது கான்ல.”

“அதைப் பாக்கிற வசதி இதில இல்லை.” அவன் குரலைத் தாழ்த்தினான். “றிப்போர்ட்டும் கொழும்புக்குப் போயிட்டுது. அடுத்த கிழமை பெரிய ஆக்கள் வருகினம். இப்ப ஒண்டும் மாத்தேலாது, அம்மா.”

கம்ப்யூட்டரை மடித்துப் பையில் போட்டான். அவள் கண்ணைப் பார்க்காமலே போனான். படித்த பிள்ளை, பாவம் என்று அதுவரை அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் அவள். அன்று அவன் குடித்த கோப்பையைச் சாம்பல் போட்டு இரண்டு தடவை தேய்த்தாள்.

பெரிய ஆட்கள் வந்தார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம். மாயாண்டிக்கு மாலை போட்டு, பெட்டியைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். பிறகு பேசச் சொன்னார்கள்.

“பெட்டி சத்தம் போட்டா, திங்கிற சோத்த வச்சிட்டு எந்திரிச்சிருவேன். கண்ணு நமக்கு சாமி மாதிரி. எல்லாரும் மருந்த ஒழுங்கா போடணும்” என்றார் மாயாண்டி. மடுவமே கைதட்டியது. “தலைவரம்மாவும் வாங்க, ஒரு படம்” என்று யாரோ கூப்பிட்டார்கள். காளியாயி மடுவத்துக்குப் பின்னால் போய்விட்டாள். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. துப்பினாள். மறுபடியும் ஊறியது. இஸ்தோப்பில் ஒரு துளி எச்சில் பொறுக்காதவள், அன்றைக்கு அந்த இடத்தையே ஈரமாக்கிவிட்டாள்.

வருஷம் திரும்புவதற்குள் மாயாண்டியின் வலது கண் முழுதாகப் போயிற்று. கிளினிக்கில் இருந்த சிங்கள டொக்டர் அம்மாவின் கையில் குழுவின் கடதாசி இருந்தது. மருந்தை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்கவில்லை, இனி இடது கண்ணை வெட்டி ஒபரேஷன் செய்ய வேண்டும், அதில் பார்வை போனாலும் போகலாம் என்று அவர் சொன்னார். தமிழ் நேர்ஸ் ஒருத்தி அதை மொழிபெயர்த்தாள்.

மாயாண்டி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று காளியாயி காத்திருந்தாள். அவர் கைகூப்பி, “செய்யுங்க டாக்டரம்மா, எல்லாம் எந்தலையெழுத்து” என்றார்.

கண்ணையே வெட்டக் கொடுப்பாராம், பொய்யை விடமாட்டாராம்.

காளியாயி நேர்ஸுக்காகக் காத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்: “பொரு மிஸ். பெஹெத் எஹெட்ட கியே நே. கானுவட்ட தமய் கியே.” பொய், மருந்து கண்ணுக்குப் போகவில்லை, கானுக்குத்தான் போனது.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். ஒபரேஷனை நிறுத்திவிட்டு அவரை வார்ட்டில் படுக்க வைத்தார். நேர்ஸ்மாரே தினமும் மருந்து போட்டார்கள். ஏழு நாள் முடிவதற்குள் இடது கண்ணின் பிரஷர் இறங்கிவிட்டது. நல்ல மருந்துதான் அது.

வீட்டுக்கு வந்தபிறகு மாயாண்டி திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். அடுத்த மாதமே சங்கத்துப் பொடியன்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார்கள். “கம்பெனி டிஸ்பென்சரில குடுத்த மருந்து சரியில்லடா, அதான் ஏங் கண்ணு போச்சு” என்றார் மாயாண்டி. அவர்கள் கொதித்தார்கள். டிஸ்பென்சரிக்கு முன்னால் போராட்டம் நடத்தி, எல்லாருடைய பெட்டியையும் குப்பியையும் அங்கேயே போட்டு உடைப்போம் என்றார்கள்.

காளியாயி உள்ளேயிருந்து வந்தாள்.

“உடைக்காதீங்க தம்பி. மத்தவங்க கண்ணாவது பொழைக்கட்டும். இவரு மருந்த கான்லதான் ஊத்துனாரு, நா பாத்தேன்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “இன்னும் எத்தன பேர ஏமாத்துவ நீ?”

இத்தனை வருஷத்தில் அவரை அவள் ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை. பொடியன்கள் தேத்தண்ணியை முடிக்காமலே எழுந்து போனார்கள். போராட்டம் நடக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் சங்கத்துக்கு வேறு தலைவர் வந்தார்.

குழு கடைசியில் பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிற்று. மாயாண்டியின் பதிவை அவர்கள் திருத்தினார்களா என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெறும் குப்பிதான். விளக்கு வைக்கும் நேரத்தில் காளியாயி அவரைக் கட்டிலில் மல்லாக்கச் சாய்த்து, தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டை உள்ளே விடுவாள். சொட்டு உள்ளே போனது நிச்சயமாகும்வரை தலையை விடமாட்டாள். அந்த ஒற்றைக் கண்ணில் ஜன்னலளவு பார்வை நின்றது. அதை வைத்து அவர் கக்கூசுக்கும் பைப்படிக்கும் தனியாகப் போய்வந்தார்.

இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோயிற்று. “அவருமேல ஒனக்கு இன்னும் கோவமா?” என்று பக்கத்து வீட்டு வீரம்மா ஒருநாள் கேட்டாள்.

“கோவம் எப்பவோ போயிருச்சு” என்றாள் காளியாயி. “அருவருப்புதான் போகமாட்டேங்குது. தெனமும் தொட்டுத்தானே மருந்து போடுறேன், அப்பவும் போகல.”

சொல்லிவிட்டு, சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.