நத்தை தின்னி

தை மாதம். மழை விட்டு நாளாகியும் சரணாலய ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்த கருவேல மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. தஞ்சாவூரிலிருந்து வேனில் வந்த எங்கள் போட்டோ குழுவின் லென்ஸுகள் எல்லாம் ஊசிவால் வாத்துகள் பக்கம் திரும்பியிருந்தன. பனிதேசத்து விருந்தாளிகளாம், அவற்றுக்குத்தான் மரியாதை. நான் கரையோரம் குத்தவைத்து ஒரு நத்தைகுத்தி நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், அது வயலுக்கு வயல் நிக்கிறதுதானே. அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற எஞ்சினியர். நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது.

"ஆமா சார், அதுக்குத்தான்."

பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் 'நத்தை தின்னி'. நன்னிலம் பக்கம் எங்கள் தெருவில் எல்லோரும் கூலிக்கு நடவு நட்டவர்கள். வயலிலிருந்து திரும்பும் அம்மாவின் மடியில் நத்தை இருக்கும். வேகவைத்து, கருவேல முள்ளால் சதையைக் குத்தி எடுத்து, மிளகு தூக்கலாகக் குழம்பு வைப்பாள். அதற்குத்தான் வகுப்பில் மூக்கைப் பொத்தினார்கள். அதே நத்தையை மூலத்துக்கு மருந்தென்று எங்கள் தெருவுக்கு ஆளனுப்பி வாங்கிய பெரிய வீடுகள் எனக்குத் தெரியும். அவர்கள் தின்றால் வைத்தியம், நாங்கள் தின்றால் கேவலம். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாரை தண்ணீருக்குள் அலகை விட்டுத் துழாவியது. அந்த அலகு முழுக்க மூடாது, நடுவில் ஒரு சந்து இருக்கும். தலையைத் தூக்கியபோது நுனியில் பெரிய நத்தை. சந்து வழியாக வெயில் தெரிந்தது. கேமராவின் பொத்தானை விடாமல் அழுத்தினேன்.

குழுவின் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு படம். நான் அதைக் கொடுத்து, தலைப்பு 'நத்தை தின்னி' என்று எழுதினேன். தலைவர் போன் செய்தார்.

"படம் பிரமாதம் மேடம். தலைப்புதான்... பெரிய மனுசங்கல்லாம் வர்றாங்க, முகம் சுளிப்பாங்க. மாத்திக் குடுங்க, இல்லேன்னா மாட்றது கஷ்டம்."

"அது என் பட்டப்பேரு சார். மாட்டுனா அதோட மாட்டுங்க. இல்லேன்னா படத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

மாட்டுவார்களா என்று தெரியாமலேதான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். மாட்டியிருந்தார்கள், கழிப்பறைக்குப் போகும் வழியில். ஆனால் தலைப்போடு. அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவள் படத்தையே பார்த்தாள்.

"எவ்ளோ பெரிய நத்தைடி! இந்த மாதிரி பத்து கெடைச்சா ஒரு சட்டிக் கொழம்பு வச்சிடலாம்."

கூடம் முழுக்கக் கேட்டது. நாலைந்து பேர் திரும்பினார்கள். தலைவர் வேகமாக வந்தார். நிலைமையைச் சமாளிக்க நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கேட்டார்:

"மூலத்துக்கு ரொம்ப நல்லதுன்னு சொல்லுவாங்கல்ல, அம்மா?"

"பசிக்கும் நல்லதுங்க" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தாமல்.