அரக்குச் சேலையும் மூன்று மென்பொருள்களும்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் யாரையும் நம்பக்கூடாது. முக்கியமாகத் தன் கம்ப்யூட்டர் திரையை நம்பவே கூடாது. குளுவாங் டவுனில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். பல வருஷம் பழகிய எடிட்டிங் மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் திறக்கமாட்டேன் என்று அடம்பிடிக்க, வேறொன்றைத் தேடிக் கிளம்பினேன். இந்தத் தேடலில் சிக்கிய சக பாவிகளுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சும்மா கிடைத்தது

ஜோகூர் பாருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பன் ராஜா ஓர் இலவச மென்பொருளைச் சொன்னான். இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம். என்னிடம் எதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்காரன் இதைத் தருகிறான் என்று துருவித் துருவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வேலையும் வெண்ணெயாக ஓடியது. முடித்து வெளியே எடுத்தால், மாப்பிள்ளை நெற்றியில் தொடங்கி பெண் நெற்றி வரைக்கும் கம்பெனிப் பெயர் பட்டையாக ஓடுகிறது! ராஜாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் சாவகாசமாகச் சொன்னான்:

"ப்ரீயா குடுத்திருக்கான் ப்ரோ, நெத்தியில கொஞ்சம் எடம் குடுத்தா கொறஞ்சா போய்டுவீங்க?"

ஒரே பட்டன்

அடுத்தது மாதச் சந்தா கட்டும் மென்பொருள். இணையத்தில் எல்லாரும் அதை ஒரே குரலில் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்கள் அத்தனை பேரும் கீழேயே வாங்குவதற்கு லிங்க்கும் போட்டிருந்தார்கள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒரே பட்டனில் கலர் கிரேடிங், அதாவது படத்தின் நிறத்தைச் சீராக்கும் வேலை, முடிந்துவிடும் என்பதுதான் அதன் பெருமை.

அப்போது கையில் இருந்தது கவிதா என்ற பெண்ணின் கல்யாண வீடியோ; அதில் அந்தப் பட்டனை அழுத்தினேன். நம் மண்டபங்களுக்குத்தான் ஊதா விளக்கு என்றால் உயிராயிற்றே, அந்த ஊதா பட்டென்று மறைந்து முகங்கள் தெளிந்தன. முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, தாலி கட்டும் காட்சியை இரண்டு வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன். வந்தது வினை. மாப்பிள்ளையின் அம்மா பார்வதி, தன் ஊரான பாலோவிலிருந்து, துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் வரை போய், கடை கடையாக ஏறி எடுத்த கூறைச்சேலை அரக்கு நிறம். வீடியோவில் அது கறுப்பு. தாலி ஏறும் நேரத்தில் கறுப்புச் சேலை!

பெண் வீட்டார் சேலையை மாற்றிவிட்டார்கள் என்று பார்வதியம்மாவுக்குச் சந்தேகம். மெர்சிங்கில் இருக்கும் பெண்ணின் அம்மா லெட்சுமிக்கோ வேறு சந்தேகம்: மாப்பிள்ளை வீட்டார் கொடுத்ததே கறுப்புதான், ஊதா வெளிச்சத்தில் நமக்குத் தெரியவில்லை, பிறகுதான் பீரோவில் அரக்குச் சேலையை மாற்றி வைத்திருக்கிறார்கள். நடுவில் மாட்டியவள் கவிதா. மாமியார் வீட்டிலிருந்து அடங்கிய குரலில் பேசினாள்:

"அண்ணே, சேலய கட்டுனது நானு. என்னத் தவிர எல்லாரையும் கேக்கறாங்க. அத்த என்கிட்ட பேசறதே இல்ல. நீங்க கலர சரி பண்ணலன்னா நான் மெர்சிங்குக்கே போய்டுவேன் லா."

ஒரு பட்டன், ஒரு குடும்பம்.

கடற்கரைப் பெண்

மூன்றாவதை விற்கிறவர் டை கட்டிக்கொண்டு வந்து, கடற்கரையில் நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வைத்துச் செய்து காட்டினார். அந்த வெளிச்சத்தில் என் கைப்பேசியில் எடுத்தாலே அழகாகத்தான் இருக்கும். கவிதாவின் காட்சியைக் கொடுத்து, முகத்தைத் தொடாமல் சேலையை மட்டும் மாற்றச் சொன்னேன். முடியும் என்றார், ஆனால் கையால்தான் செய்ய வேண்டுமாம். பட்டன் இல்லை என்றதும் எனக்கு லேசாக நம்பிக்கை வந்தது. அவர்தான் திரையை வெறித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பாஸ், இந்த மாதிரி லைட் போட்ட ஹால்ல ஏன் கல்யாணம் பண்றாங்க?"

சேலை கடைக்கு வந்தது

சோதனைக்குக் கிடைத்த அந்த மென்பொருளைப் போட்டுக்கொண்டு, சேலையைக் கொண்டுவரச் சொன்னேன். கவிதாவோடு இரண்டு அம்மாக்களும் வந்தார்கள். ஒருவரை நம்பி ஒருவர் சேலைப் பையை விடவில்லை. பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள்.

சேலையை வெள்ளை விளக்கின் கீழ் திரைக்குப் பக்கத்தில் விரித்தேன். கறுப்பாகத் தெரிந்த அந்த நிறத்தை மட்டும் தனியே பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மெல்ல நகர்த்தினேன். கறுப்புக்குள்ளிருந்து அரக்கு எழுந்து வந்தது. முந்தானையில் இருந்த மாங்காய்க் கரையும் தெரிந்தது. பார்வதியம்மா கையிலிருந்த முந்தானையையும் திரையையும் பார்த்தார்.

"அலமாக், இதேதான்!" என்று வியந்தவர், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். கவிதா அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. என் தொழில்மீதே மரியாதை வந்த நேரம் அது.

அந்த மரியாதை நிலைக்கவில்லை. பார்வதியம்மாவின் பார்வை திரையை விட்டு என்மேல் திரும்பியது.

"ஏன் தம்பி, கறுப்ப அரக்காக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, அரக்க கறுப்பாக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

லெட்சுமியம்மா பையைப் பார்வதியம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கும் மொதல்லேர்ந்தே இவர் மேலதான் சந்தேகம், சம்பந்தி. வாங்க, சாப்டப் போலாம்."

சேலையின் நிறத்தைத் திருத்தி, சம்பந்திகளைச் சேர்த்து, மொத்தப் பழியையும் எடிட்டர் தலையில் பத்திரமாக இறக்கி வைக்கிற மென்பொருள் எதுவோ, அதையே வாங்குங்கள், நான் வாங்கிவிட்டேன்.