அடுப்படி அலமாரிக்கு லாரி பெயிண்ட்

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர். மூச்சிரைப்பு முற்றியபோது, இனி ஸ்பிரே கன்னைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை போனதோடு அவருடைய பேச்சும் போய்விட்டது. காலையில் எழுந்தால் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். வேண்டுமென்றே ஒரு நாள் குழம்பில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன். முன்பென்றால் தட்டு பறந்திருக்கும். அன்று சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

எங்கள் அடுப்படி அலமாரிக் கதவெல்லாம் மெலமைன் பூச்சுப் பலகை. மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிப் பார்க்கச் சகிக்காது. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டும்படி, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள். அதைக் கட்டிலில் இருந்தபடியே கேட்டிருக்கிறார். மறுநாள் எனாமல் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து நின்றார். நான் டாக்டரை ஞாபகப்படுத்தினேன். டாக்டர் வேண்டாமென்றது ஸ்பிரேயைத்தான், பிரஷ்ஷை இல்லை என்று வக்கீல் மாதிரி பேசினார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த வாதம் அது. அதற்காகவே விட்டுக்கொடுத்தேன். ஜன்னல்களைத் திறந்துவைத்து மாஸ்க்கையும் மாட்டிவிட்டேன்.

கதவுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தார். தேய்க்கவில்லை. லாரித் தகரத்துக்குப் பட்டி பூசி, உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போகிற வரைக்கும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். இந்தப் பலகை வாங்கும்போதே வழுக்குகிறது, தேய்க்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கிளிப்பச்சை அடித்து, லாரிக்குப் போடுவது போலவே ஓரத்தில் மஞ்சள் கோடும் இழுத்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நம்பர் பிளேட் மாட்டினால் லோடு ஏற்றிவிடலாம் என்றேன். அவர் சிரித்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். அடுப்புக்குப் பக்கத்துக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியோடு பெயிண்டும் தோசை மாதிரி உரிந்து வந்தது. அடியில் பழைய பலகை பளபளவென்று இருந்தது. இதைப் பார்த்தால் மனுஷன் மறுபடியும் கட்டிலுக்குப் போய்விடுவார். அந்தக் கதவின் கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். துண்டு நனைந்தால் உடனே வேறொன்று மாற்றினேன்.

அதே சமயம் அவர் கூடத்தில் இருந்த காலண்டரைக் கொண்டுவந்து இன்னொரு கதவில் மாட்டியிருந்தார். மாத்திரைக்குத் தேதி பார்க்க வசதி என்றார். சஷ்டி என்றைக்கு என்று பார்க்க நான் தாளைத் தூக்கியபோது காலண்டரே ஒதுங்கியது. பின்னால் என் கதவில் இருந்ததைவிடப் பெரிய உரிசல்.

நேரே அவரிடம் போய்க் கேட்டேன்.

"நீ பாத்தா, போதும் போயி உக்காருங்கன்னு சொல்லிப்போடுவியோன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் துண்டை எடுத்துக் காட்டினேன்.

"நானுந்தானுங்க. எங்க மறுக்காவும் கட்டலுக்குப் போயிருவீங்களோன்னு."

பெயிண்ட் கடையில் கேட்டதில், மெலமைனின் வழவழப்பில் பெயிண்ட் பிடிக்காது, முதலில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும், பிறகு அதற்கென்று உள்ள பிரைமர் பூச்சு அடிக்க வேண்டும் என்றார்கள். தூசு அவருக்கு ஆகாது. அதனால் ஈரம் வைத்துத் தேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கதவைக் கொண்டுபோய்க் காட்ட, உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இதுதான் தேய்க்கிற லட்சணமா, ஓரமெல்லாம் அப்படியே இருக்கிறதே என்று பட்டறை ஆளை அதட்டுவது போல் அதட்டினார். தோள்பட்டை கழன்றுபோகிற வலியில் நானும் பதிலுக்குக் கத்தினேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. எங்கள் வீட்டில் சண்டை நடந்து ரொம்ப நாளாகியிருந்தது.