மில் ஓடும்போது கேட்ட ஆங்கிலம்

தெருவில் எல்லோருக்கும் அவள் மில்லக்கா. மாவு மில்லில் மோட்டாரைப் போட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவர் தும்முவதுகூடக் கேட்காது. கையை ஆட்டித்தான் பேச வேண்டும். அந்த இரைச்சலில் உட்கார்ந்து ஒருத்தி ஆங்கிலம் கேட்டுப் பழகினாள் என்றால் யார் நம்புவார்கள்?

வெளிநாட்டில் இருக்கும் அவள் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. துணைக்கு யாராவது போயாக வேண்டும். மில்லக்காவின் கணவருக்குப் பேருந்தில் ஏறினாலே தலை சுற்றும். விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். மில்லக்கா தனியாகத்தான் போக வேண்டும், அதுவும் நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் மாறி. அங்கே யார் என்ன சொன்னாலும் ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். அதனால் மகள், பயணிகள் வழியில் பேசிக்கொள்ளும் பேச்சாகப் பார்த்துப் போனுக்குப் பாடம் பாடமாக அனுப்பி வைத்தாள்.

மில்லக்கா காதில் இயர்போனைச் சொருகி, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு, கோதுமையைக் கொட்டியபடியே கேட்டாள். முதலில் மோட்டார் எது, ஆங்கிலம் எது என்றே தெரியவில்லை. பிறகு ஒருநாள், மாவைச் சலிக்கும்போது கப்பி மேலே நிற்குமே, அப்படி ஒரு சொல் தனியாக நின்றது. சூட்கேஸ்! மில்லக்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் வெறும் சத்தமாக இருந்தது இப்போது ஒரு மனிதனாகிவிட்டது. பாவம், பெட்டியைத் தொலைத்துவிட்டு விமான நிலையத்தில் நின்று புலம்புகிறான்.

அதன் பிறகு அவன் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டான். "இன்னைக்கும் தொலைச்சிட்டு நிக்கிறியா? உன்னைக் கட்டிக்கிட்டவ என்ன பாடு படறாளோ!" என்று இரைவாள். மாவு அரைக்க வந்தவர்கள் தங்களைத்தான் திட்டுகிறாள் என்று மிரண்டு போவார்கள்.

ஒரு விடுமுறை நாளில் மகள் வீடியோவில் வந்தாள். மில் பூட்டியிருந்தது. வீடு நிசப்தமாக இருந்தது.

"அம்மா, புதுசா ஒண்ணு போடறேன். எந்த கேட்டுக்குப் போகச் சொல்றாங்கன்னு மட்டும் சொல்லு."

ஓடி முடிந்தது. மில்லக்கா திருதிருவென்று விழித்தாள். "இன்னொரு தரம் போடு கண்ணு."

மறுபடியும் ஓடியது. ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பரவாயில்லம்மா. தனியா வந்து நீ எங்கயாவது மாட்டிக்க வேணாம். டிக்கெட்டை ரத்து பண்ணிடலாம். நான் சமாளிச்சுக்கறேன்," என்றாள் மகள். அந்தக் கடைசி வார்த்தைதான் மில்லக்காவின் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் மில்லில், மகள் போனுக்கு அனுப்பியிருந்த அதே பாடத்தை வீம்புக்குப் போட்டாள். போட்ட மாத்திரத்தில் துள்ளி எழுந்து, மோட்டாரை மீறிக் கத்தினாள்.

"என்னங்க! கேட்டை மாத்திட்டாங்களாம்! பதினாலுக்குப் போகணுமாம், கீழ் மாடியாம்!"

கணவர் மோட்டாரை நிறுத்தினார். "அடுத்ததைக் கேட்டுச் சொல்லு."

விழித்தாள். அவர் மோட்டாரைப் போட்டார். மடமடவென்று சொன்னாள். மறுபடி நிறுத்தினார், மறுபடி போட்டார். இரைச்சலை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் எடுக்க அவள் காது பழகியிருந்தது. ஒதுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தவித்தது. ஒரு காதுக்குள் இப்படியும் நடக்குமா என்று அன்றெல்லாம் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் மகளுக்குப் போன் போட்டார். "உங்கம்மாவுக்கு இங்கிலீஷ் நல்லாவே புரியுது. சத்தம்தான் பத்தலை."

மகள் சிரித்துவிட்டாள். "ஏர்போர்ட்ல சத்தத்துக்கா பஞ்சம்? வரச் சொல்லுங்கப்பா."

விமானம் மாற வேண்டிய ஊரில் தள்ளுவண்டிகள் கடகடத்தன, குழந்தைகள் வீறிட்டன, தலைக்கு மேலே ஒலிபெருக்கி முழங்கியது. மில்லக்கா நின்று கேட்டாள். மழையாம். தாமதமாம். கேட் மாறிவிட்டதாம், மன்னிக்க வேண்டுமாம். முகம் தெரியாத ஒருத்தி எங்கோ உட்கார்ந்து வழி சொல்கிறாள், அது இவளுக்குப் புரிகிறது! எப்பேர்ப்பட்ட விஷயம் இது! அதிசயப்பட்டுக்கொண்டே நடந்து சரியான கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பெட்டியை மட்டும் கையிலிருந்து விடவே இல்லை.

மருத்துவமனையில்தான் வந்தது வினை. மருமகன் உள்ளே மகளோடு இருந்தார். மில்லக்கா மட்டும் வெளியே. நடைபாதையில் மூச்சு விட்டால் கேட்கும் அமைதி. ஒரு நர்ஸ் வந்து கதவைச் சாத்திவிட்டு ஏதோ சொன்னாள். புரியவில்லை. நிறுத்தி நிதானமாக இன்னொரு தரம் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

அந்த நேரம் நர்ஸுக்குப் பின்னால் கதவு திறந்தது. உள்ளிருந்து ஓர் அழுகை கிளம்பியது. சின்ன உடம்பு, ஆனால் அடேயப்பா, என்ன தொண்டை! நடைபாதை முழுக்க அது நிறைந்தது. அதற்கு மேல் குரலை உயர்த்தி நர்ஸ் மூன்றாம் தரம் சொன்னாள்.

ஒரு சொல் விடாமல் வந்து சேர்ந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். உள்ளே வாருங்கள்.

மில்லக்கா அழுதுகொண்டே உள்ளே ஓடினாள்.

"அழுடி தங்கம், நல்லா அழு!" என்றாள். "அப்பதான் எனக்குப் புரியும்."