வில்லனுக்கு ஒரு சிரித்த படம்

என் வீட்டுக்காரருக்கு உடம்பு பெரிது. அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பொழுது சாய்ந்தபின் தனியாக நிற்கும் பெண்கள் அவர் முகத்தைப் பார்த்ததும், அடுத்த ஆட்டோ வரட்டும் என்று போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கே தகராறு நடந்தாலும் போலீஸ்காரர் முதலில் இவரைத்தான் ஓரங்கட்டச் சொல்வார். பெண் பார்க்க வந்தபோது நானே அடுப்படியில் போய் அழுதவள்தான். ஆனால் ஆள் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

இப்படிப்பட்டவருக்குச் சின்ன வயதிலிருந்தே டிவி மல்யுத்தத்தில் ஒருவர்மேல் உயிர். ஹவாய்த் தீவுக்காரர், மீன்பிடிக் குடும்பம். ஜப்பானுக்குப் போய் சுமோ பழகி, முழங்கால் போனதும் அமெரிக்காவில் இந்தக் காட்சி மல்யுத்தத்துக்கு வந்தவர். அங்கே கிடைத்தது வில்லன் வேஷம். முகத்தில் மை பூசிப் பல்லைக் கடித்து உறுமிக்கொண்டு வருவார். கடைசியில் கதாநாயகனிடம் அடிவாங்கி மல்லாந்து விழுவார். காலமெல்லாம் இதே வேலை. அம்புட்டும் நடிப்பு என்று நான் சீண்டினால் இவருக்குக் கோபம் வராது. நடிப்புதான், ஆனால் அவ்வளவு எடையோடு மேலே விழுந்தும் எதிராளிக்கு ஒரு எலும்பு முறியாமல் பார்த்துக்கொண்டாரே, அதுவும் நடிப்பா என்று கேட்பார்.

போன மாதம் தீவுக்காரர் இறந்த செய்தி போனில் வந்தது. இவர் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மதுரையில் ஒருவர் போய்ச்சேர்ந்தது ஊருக்குத் தெரிவது பேனரில்தான். ஆட்டோ ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியே ஆக வேண்டும் என்றார். சொந்தத் தாய்மாமன் சாவுக்கே தலையைக் காட்டிவிட்டு ஓடிவந்த மனிதர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் கூடப் போனேன்.

பிளக்ஸ் கடைக்காரர் படம் கேட்டார். அங்கேதான் சிக்கல். தேடிக் கிடைத்ததெல்லாம் உறுமுகிற படம். கடைக்காரர் அதில் ஒன்றுக்கு மாலை போட்டு, இரண்டு பக்கமும் விளக்கு வைத்துக் காட்டினார். காவு கேட்கிற மாதிரி இருந்தது. இவர் ஒப்பவில்லை.

"எழவு பேனர்ல ஆளு சிரிச்சாப்புல இருக்கணும்ணே. பாக்குறவுக நல்ல மனுசன்னு நெனைக்கணும்ல."

இவர் யாருக்காக மல்லுக்கு நிற்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் என் போனில் தேட ஆரம்பித்தேன். வெகுநேரம் கழித்து ஒன்று கிடைத்தது. சண்டை முடிந்து, மை கழுவி, உடைமாற்றும் அறையில் எடுத்தது. அவரைக் காலமெல்லாம் அடித்துச் சாய்த்த கதாநாயகன் தோளில் கைபோட்டு நிற்க, தீவுக்காரர் வாய் நிறையச் சிரிக்கிறார்.

அப்படியே போட்டால் உயிரோடிருக்கிற கதாநாயகனுக்கும் சேர்த்துக் கருமாதி ஆகிவிடும். கடைக்காரர் கதாநாயகனை வெட்டி நீக்கினார். தோளில் கை மட்டும் மிஞ்சியது. அதையும் அழிக்கப் போனபோது என் வீட்டுக்காரர் தடுத்துவிட்டார்.

"அது இருக்கட்டும்ணே. அடிச்சவனே தோள்ல கை போட்டிருக்கான்."

பேனர் கட்டியதும் ஸ்டாண்டில் எல்லோரும் என்ன முறை என்று கேட்க, பெரியப்பா முறை என்று கூசாமல் சொல்லியிருக்கிறார். நல்ல களையான முகம் என்று பூக்காரம்மா சொன்னாராம். அதை வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, "எனக்கும் சிரிச்சாப்புல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு என்று ஏசினேன். அவர் குளிக்கப் போனதும் போனைத் துழாவினேன். கல்யாணப் படம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் லைசென்ஸுக்கு எடுத்த மாதிரி வாயை இறுக்கி மூடியிருக்கிறார். வீட்டில் அவ்வளவு சிரிக்கிற மனிதர்.

குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே கரப்பான்பூச்சி போகிறது என்று கத்தினேன். இடுப்பில் துண்டோடும் ஈரத் தலையோடும் அலறி வெளியே வந்தவர், என் கையில் துடைப்பத்துக்குப் பதில் போன் இருப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். எடுத்துவிட்டேன். முகம் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி, மறுநாள் அதே கடையில் ஸ்டிக்கராக அடித்து வாங்கினேன். ஆட்டோவின் முன் கண்ணாடியில், கைகாட்டி நிறுத்துகிற பெண்களுக்குத் தெரிகிற இடத்தில், நானே ஒட்டினேன்.