மூழ்க வேண்டிய துணி

சுந்தரபாண்டியத்து மாரியாத்தாள், இராஜபாளையத்தை ஒட்டிய பேண்டேஜ் ஆலை ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகத் துணி மடிக்கிறார். மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் துணி அது. நாள் முழுவதும் அவருடைய கையின் ஈரத்தையும் எண்ணெய்ப்பசையையும் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தை மாதக் காற்றும் சேர்ந்துகொண்டால் விரல் நுனிகள் வெடித்துவிடும். வெடிப்பிலிருந்து ஒரு பொட்டு இரத்தம் பட்டாலும் அந்தத் துணி கழிவுதான்.

சென்ற தையில் அதற்கு அஞ்சி, காலையில் வேலைக்கு அமருமுன் பெட்ரோலியம் ஜெல்லியை இரு கைகளிலும் அப்பிக்கொண்டார். இரத்தம் நின்றது, வேறொரு வினை வந்தது. பேண்டேஜ் துணியைத் தண்ணீரில் போட்டால் பத்து நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது ஆலையின் சோதனை. மாரியாத்தாள் மடித்த துணியோ தாமரை இலைபோல மிதந்தது.

மேற்பார்வையாளர் வைகுண்டராஜ் தொட்டியை எட்டிப் பார்த்தார். "இது புண்ணுக்குக் கட்டுற துணியா, கண்மாயில விடுற ஓடமா? நாளைக்கும் மிதந்துச்சுன்னா வெளுப்புப் பக்கம் போயிருங்கம்மா."

வெளுப்புப் பிரிவில் துணியை வெளுக்கும் மருந்துத் தண்ணீரில்தான் நாளெல்லாம் கை கிடக்கும். வெடித்த கைக்கு அது ஆகாது; வேலையை விட்டு நிற்பதைத் தவிர வேறு வழியிராது.

சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் இளம்பெண் அனுசியா, மாரியாத்தாளின் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா தடவுனிய?"

"ஜெல்லிதான் தாயி."

"காஞ்ச கையில அதைப் பூசுறது வெறும் வீட்டைப் பூட்டுன கதைதான். அது தண்ணி தராது. இருக்கிற தண்ணிய வெளிய விடாது, அம்புட்டுத்தான். துணியில ஒட்டிக்கிட்டா துணிக்குள்ளயும் தண்ணிய விடாது."

"போன வருசம் கிளிசரின் தடவுனேன். எரிஞ்சு, இன்னும்ல காஞ்சுபோச்சு!"

"அப்படியே பூசியிருப்பிய. அது தண்ணிய இழுக்கிற சாமான். காத்துல ஈரமில்லைன்னா உங்க தோலுக்குள்ள இருந்தே இழுக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போயி, கை ஈரமா இருக்கையிலேயே அதுல தண்ணி கலந்து பூசுங்க. செத்த நேரம் பொறவு மேல ஜெல்லி. காலையில சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு வாங்க."

"ஏட்டி, இம்புட்டு விவரத்தையும் வயித்துக்குள்ளயா வச்சிருந்த?"

"நீங்க கேட்டியளா?" என்று சிரித்தவள், தன் பையிலிருந்த பிளாஸ்திரியை எடுத்து வெடிப்புகளின்மேல் சுற்றிவிட்டாள்.

மறுநாள் மாரியாத்தாள் மடித்த துணி தொட்டியில் விழுந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஆறு என்று எண்ணும்போது துணி கனத்து, சரிந்து, அடியில் போய்ப் படிந்தது. வைகுண்டராஜ் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். ஒரு பொருள் மூழ்குவதைக் கண்டு மனம் குளிர்வது மாரியாத்தாளுக்கு அதுவே முதல்முறை.

இரண்டு வாரத்தில் வெடிப்புகள் மூடிக்கொண்டன. அந்த வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிக் கோயிலுக்குள் போனார். மறுநாள் காலையில் சோதனைக்கூட வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி அனுசியா, உன் நட்சத்திரம் என்ன?"

"எதுக்குக்கா, மாப்பிள்ளை பாக்கியளா?"

"அர்ச்சனைக்கு உன் பேரைச் சொன்னேன். பட்டர் நட்சத்திரம் கேட்டாரு, முழிச்சுக்கிட்டு நின்னேன்."

அனுசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சதயம்க்கா" என்றாள் மெல்ல.

அன்று மாலை பேருந்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை மாரியாத்தாள் அந்த நட்சத்திரத்தின் பெயரை மறந்துவிடாதபடி சொல்லிக்கொண்டே போனார்.