சாகாமக் குளத்தில் செத்து மிதந்த மீன்கள்

எண்பதுகளின் தொடக்கம் அது. பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக நிந்தவூரிலிருந்து சாகாமக் குளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். தண்ணீரில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களை எண்ணுவதுதான் வேலை. நுண்ணிய பட்டு வலையை இழுத்து எடுத்தால் ஒரு கணக்கு வரும். போத்தலில் அப்படியே மொண்டால் வேறு கணக்கு. எது உண்மைக்குக் கிட்ட என்று ஒப்பிட வேண்டும்.

ஒரு காலை போய் இறங்கினால், கரையோரமெல்லாம் மீன் செத்து மிதக்கிறது. குளக்கட்டில் நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையிலேயே, என்னைத்தான் சந்தேகிக்கிறார்கள் என்று விளங்கிவிட்டது. எருமை வளர்க்கும் ஒருவர், காக்கா என்று அண்ணன் முறை சொல்லி அழைக்கும் வயது, என் பையைப் பறித்து, ஒரு போத்தலைத் திறந்து முகர்ந்தார். பிடித்த உயிர்கள் கெடாமலிருக்க நான் பாவிக்கும் போமலின் என்ற மருந்து அது. அதன் நெடியில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“நஞ்சு! இதத்தான் ஊத்தியிருக்கான்.”

மொண்டெடுத்த தண்ணீரில்தான் சில துளி விடுவேன், குளத்தில் அல்ல என்றேன். யார் கேட்டார்கள்? குளத்து நீரை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி நீட்டினார்.

“அப்ப இதக் குடி, பாப்பம்.”

தண்ணீர் பச்சைப் பசேலென்றிருந்தது. அந்தப் பச்சைப் பாசிதான் மீனைக் கொன்றதோ என்று எனக்குள் ஒரு பயம். குடித்தால் நான் தப்பலாம். ஆனால் அவருடைய எருமைகள் பின்னால் தாகத்தோடு நின்றன; நான் குடித்தால் அவற்றையும் தண்ணீரில் இறக்கிவிடுவார்.

“குடிக்கமாட்டன் காக்கா. மாடுகளையும் இறக்காதீங்க.”

அவ்வளவுதான், ஒருவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். எருமைக்காரர் அவன் கையைத் தட்டிவிட்டுக் கேட்டார்:

“வல ஒண்டு, போத்தல் ஒண்டு. என்னத்துக்கு ரெண்டு?”

“ஒண்ட மட்டும் நம்பேலாது காக்கா.”

“உன்ட சாமான நீயே நம்புறல்ல. உன்ன நான் எப்படி நம்புற?”

பிறகு எருமைக்காரரே, நான் இதுவரை போகாத பக்கம் எது என்று வழக்கமாக என்னை ஏற்றிச்செல்லும் தோணிக்காரரிடம் விசாரித்து, என்னை ஏற்றிக்கொண்டு அங்கேயே தோணியை விடச் சொன்னார். அங்கும் மீன் செத்துக் கிடந்தது. போத்தலில் மொண்டேன், பச்சை. வலையை இழுத்தேன், துவாரமெல்லாம் அடைத்துத் தண்ணீர் வடியவே இல்லை. அடியில் பச்சைக் கூழ். அதை எருமைக்காரர் விரலில் தொட்டு முகர்ந்தார். அழுகல் நாற்றம், போமலின் நெடி இல்லை.

கரையேறியதும், “மாட்டத் திருப்புங்கடா” என்றார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பிறகு நான் போன நாளெல்லாம் தோணியின் மறுமுனையில் குந்திக்கொண்டு, என் கையையே பார்த்திருந்தார்.

அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குளத்தை நம்பிப் பிழைத்தது அவர், நானல்ல. இன்றும் யாராவது என் வேலையைச் சந்தேகத்தோடு பார்த்தால், கோபப்படுமுன் அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது யார் என்று யோசித்துக்கொள்கிறேன்.